நீர் பிடிச்சுக்கும், நான் முடுக்குறேன்

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் வேன் வந்து நிற்கும். குட்டியாக இரண்டு ஹாரன், நீளமாக ஒன்று. அத்தான் இஞ்சினை அணைக்காமலே குதித்து இறங்கி, படியேறும்போதே குரல் கொடுப்பார்: "கிளம்பியாச்சா? ஆண்டவர் காத்திருப்பார், பாட்டுக்குழு காத்திருக்காது!" உள்ளே கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். நடக்க முடியாதவர்களை ஆலயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அத்தானிடம் யாரும் கேட்டதில்லை. காயலான் கடைக்குப் போகவிருந்த வேனை வாங்கி, சக்கர நாற்காலி ஏறுவதற்குத் தானே இரும்புப் பலகை வைத்துப் பற்றவைத்து, தானாகவே தொடங்கிவிட்டார்.

என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான், மற்றவர்களுக்கு லிஃப்ட்காரர். போன மாதம்தான் அடக்கம் செய்தோம். அழுது தீர்த்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது, என்ன செய்ய!

அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். எதைத் திறந்தாலும் முதலில் கண்ணை மூடுவார். ஜெபம் ஒரே வரி: "ஆண்டவரே, நீர் பிடிச்சுக்கும், நான் முடுக்குறேன்." அதன் பிறகுதான் ஸ்பேனர். வீட்டில் குக்கர் கைப்பிடி ஆடினாலும் அதே ஜெபம். மகளின் பொம்மைக்குக் கால் கழன்றாலும் அதே.

"ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா அத்தான்?" என்று சீண்டுவேன்.

"நிறைய இருக்கும் மச்சான். ஆனா கூப்பிட்டா வராம இருக்க மாட்டாரு."

அக்கா வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். "நீ அழுதா எனக்குத் தாங்காதுடி" என்று சொல்லிவிட்டு அவர் அழுவார். சனிக்கிழமை மாலை வீட்டிலுள்ள எல்லாருடைய செருப்பும் அவர் கையால் துடைபட்டு வரிசையில் நிற்கும். இரவு ஜெபத்தில் பாட்டை அவர்தான் எடுப்பார். "இந்தச் சுருதிக்குத் தேவதூதருங்களே அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க" என்பாள் அக்கா. அடுத்த அடியை இன்னும் சத்தமாகப் பாடுவார்.

ஒரே மகள். அவள் நடை பழகிய காலத்திலிருந்தே இருவருக்கும் ஒரு விளையாட்டு. அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெல்ல நடப்பாள். அதுதான் கல்யாண நடை. அந்த நடைக்கு உண்மையான நாளும் வந்தது. அன்று காலையில் மனிதர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வேன் சாவியை எடுத்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் அவங்களை வேற யாராவது கூட்டிட்டு வரட்டுமே!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாரா வாரம் கூட்டிட்டு வந்துட்டு, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்? இதோ வந்துடுறேன்."

ஆலயத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாப்பிள்ளை முன்னால் நிற்கிறார். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்; அடுத்த கல்யாணக் கோஷ்டி வெளியே வந்து இறங்கிவிட்டது. அத்தானைக் காணோம். "தாய்மாமன் இருக்காரே, அவரே பொண்ணைக் கூட்டிட்டு வரட்டும்" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். நானும் மடையன் மாதிரி கோட்டுப் பொத்தானைப் போட்டேன்.

"மாமா, அப்பா வருவாரு" என்றாள் மணப்பெண். கண் கலங்கியிருந்தது, கால் மட்டும் நகரவில்லை.

அப்போது கேட்டது. குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று. ஆனால் சத்தம் கிட்டே வரவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும். நான் வெளியே ஓடினேன். ஆலயத்து மேட்டின் அடியில் வேன் அசையாமல் நிற்கிறது. பின்னால் சூட்டு போட்ட ஓர் உருவம் தனியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது!

நடந்தது இதுதான். வேனின் ஸ்டார்ட்டர் போய்ப் பல நாளாகியிருந்தது. ஒருமுறை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால்தான் அவர் இஞ்சினை அணைப்பதே இல்லை. கல்யாணம் முடியட்டும், மாற்றலாம் என்றிருந்தார். மேட்டின் அடியிலிருந்த வீட்டில் கடைசி ஆளைக் கூட்டிவர அவர் இறங்கிய நேரத்தில், முன் சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் பொறுப்பாகச் சாவியைத் திருப்பிவிட்டார்.

"சும்மா ஓடிட்டே இருந்துச்சே, பெட்ரோல் வீணாகுதேன்னு..." டீச்சர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நீங்க மேல போங்க அத்தான், நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"இவங்களை நடு ரோட்டுல விட்டுட்டா?" அவர் கை வேனை விடவே இல்லை.

பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பினால் மணப்பெண்! வெள்ளை உடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடி வருகிறாள். வந்தவள் பூச்செண்டை டீச்சர் மடியில் போட்டாள். அப்பாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை ஊன்றினாள்.

"மாமா, ஏறுங்க! நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கோங்க, நாங்க தள்ளுறோம்!"

ஆண்டவரின் இடத்தில் என்னை உட்காரவைத்த ஒரே நாள் அது. கண்ணாடியில் பார்த்தேன். அப்பனும் மகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்துச் சிரித்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மேலேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். போதகர்கூட அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். வேனுக்குள் பெரியவர்கள் கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டார்கள். கல்யாண நடை அந்த மேட்டிலேயே தொடங்கிவிட்டது, ஆலயத்துக்குள் நடந்தது அதன் மிச்சம்தான். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மறுவாரமே புது ஸ்டார்ட்டர் போட்டார். இஞ்சினை அணைக்காத பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு, வேன் சாவியை மகள் எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். டீச்சர் வீட்டு வாசலில் குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று அடித்தாள். டீச்சர் புறப்பட்டுத் தயாராய் நின்றிருந்தார். முன் சீட்டில் ஏறினார். அடுத்த வீட்டில் மகள் இஞ்சினை அணைக்காமலே குதித்து இறங்கிப் படியேறி ஓடினாள். டீச்சர் ஆடிக்கொண்டிருந்த சாவியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.