சோப்பில் பழகிய கைகள்

பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குச் சோப்பு டீச்சர் என்று பெயர். அவள் என் பெரியம்மா மகள். மேல்நிலை வகுப்பின் தொழிற்கல்விப் பிரிவில் லேத் என்னும் கடைசல் மெஷினை ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, வேலை தேடும் சாக்கில் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

அக்கா டிப்ளமா முடித்தவள். எந்தக் கம்பெனியும் அவளை மெஷின் பக்கம் விடவில்லை. ஸ்டோரில் போல்ட் எண்ண உட்கார வைத்தார்கள். பள்ளியில் சொந்தமாக ஒரு லேத் கிடைக்கும் என்றுதான் குறைந்த சம்பளத்துக்கு வந்தாள். லேத் கிடைத்தது. அதற்கு மின்சாரம் கிடைக்கவில்லை. பழைய கட்டடத்தின் வயரிங் மும்முனை மின்சாரத்தைத் தாங்காது என்றார்கள். மெஷின் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அக்கா அதன் பெல்ட்டைக் கழற்றினாள். இரும்பைக் கவ்விச் சுழலும் தலையில் ஒரு துணி சோப்பை மாட்டினாள். ஒரு பிள்ளை அந்தத் தலையை இடது கையால் பிடித்துச் சுற்ற, இன்னொரு பிள்ளை வெட்டுளியை நகர்த்தியது. சோப்பு சுருள் சுருளாகச் சீவி விழுந்தது. இரண்டு வருடப் படிப்பும் இப்படித்தான்.

"வீட்ல துவைக்க சோப்பு இல்ல. அங்க மெஷினுக்கு தினம் குளியல்" என்பார் அத்தான்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி சீவலை முகர்ந்து பார்த்துப் பாராட்டினார். அக்காவுக்கு ஒரு கேடயம் வந்தது. மற்றப் பள்ளிகளிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள். அவளிடம் படித்த பிள்ளைகளைக் கம்பெனிகள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டன. அந்த நாட்களில் அக்கா நடக்கும்போதே பாடிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போன வருடம் படித்துப் போன பெண். வகுப்பில் வாலு என்று கூப்பிடுவார்கள். நானும் கூடப் போனேன். வாலுவின் இடது கை பெரிய கட்டுக்குள் இருந்தது. கம்பெனி லேத்தில் மூன்று விரல்கள் போய்விட்டன.

"டீச்சர், ஆஃப் பண்ணிட்டுதான் டீச்சர் கை வெச்சேன்" என்றாள். "மெதுவா சுத்திட்டிருந்துச்சு. கை தானா போயிடுச்சு. என் மேலதான் தப்பு."

"பேசாம படு" என்றாள் அக்கா.

"கணக்குல ஏற்கெனவே வீக்கு. இனிமே எண்ண ஏழு விரல்தான்" என்று சிரிக்கப் பார்த்தாள் வாலு. அவளுடைய அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

வராந்தாவில் நின்ற கம்பெனி சூப்பர்வைசர், கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கை ஏன் அங்க போச்சுன்னு யாருமே கேக்கலடி."

"ஏன் போச்சு?"

"ரெண்டு வருஷம் நான்தான வைக்கச் சொன்னேன்."

அடுத்த வாரம் இந்த வருடப் பிள்ளைகள் கம்பெனிக்குக் கிளம்புகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அக்கா வகுப்பைக் கூட்டினாள். வாலுவுக்கு நடந்ததைச் சொல்லி, ஓடும் தலையில் கை வைக்கக் கூடாது என்று நான்கு தடவை சொன்னாள். லேத்தின் பின்பக்கத்துக் கப்பியில் கயிற்றைச் சுற்றி வாட்ச்மேனை இழுக்கச் சொன்னாள். தலை விர்ரென்று சுழன்று, மெல்ல வேகம் குறைந்தது.

"அடுத்த துண்டை மாட்டு" என்றாள், முன்னால் நின்ற பெண்ணிடம்.

அந்தப் பெண்ணின் இடது கை தலையை நோக்கிப் போனது. அக்கா அதைத் தட்டிவிட்டாள். அடுத்து வந்தவனின் கையும் போனது. அதற்கடுத்தவளுடையதும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அடி வாங்கியவர்களைப் பார்த்து ஓவென்று சிரித்தார்கள். வரிசை முடிவதற்குள் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

இந்த வருடம் யாரையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். "கேடயத்தத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்று கேட்டார் அவர். பெற்றோரிடம் பேசிப் பாருங்கள் என்று தள்ளிவிட்டார். பெற்றோர் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்று, மறைக்காமல் சொன்னாள்.

"நான் சொல்லிக்குடுத்த முறையே தப்பு. இப்ப அனுப்பாதீங்க. ஓடற மெஷின்ல ஆறு மாசமாவது பக்கத்துல ஆள் நின்னு பழக்கணும்."

"ஓடற மெஷின் எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டார் லோடு வண்டி ஓட்டும் ஒரு அப்பா.

"கம்பெனியிலதான்."

"அங்கதானே அனுப்பறோம்!"

கூட்டம் சிரித்தது.

"அங்க பழக்க மாட்டாங்க. முதல் நாளே வேலையில நிறுத்திடுவாங்க" என்றாள் அக்கா. சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

ஒரு அம்மா எழுந்தார். "கெடச்ச வேலையக் கெடுக்காதீங்க டீச்சர். அந்தப் பொண்ணு கவனமா இல்ல, சரி. எம் பொண்ணு அப்படியில்ல. அதையும் மீறி நிறுத்தணும்னா வேற வேலை நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?"

அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

வேன் வந்த காலையில் அவள் படிக்கட்டருகே நின்று, ஏறிய ஒவ்வொருவரின் இடது கையையும் பிடித்துப் பிடித்து விட்டாள். "இத பாக்கெட்லயே வெச்சுக்கோ" என்றாள்.

"அப்ப ஒத்தக் கையில எப்படி டீச்சர் ஓட்டறது?" என்றான் ஒருவன்.

"ஓட்டாத."

அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினான். வேன் போய்விட்டது.

புது வகுப்பு தொடங்கியதும், சோப்புப் பாடத்தை நடத்த மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். தலைமையாசிரியர் சண்டை போடவில்லை. புதிதாக வந்த இளம் ஆசிரியரிடம் லேத்தைக் கொடுத்து, அக்காவை வரைபடப் பாடத்துக்கு மாற்றினார். பார்க்க வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அக்காவின் வகுப்புக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். "புடிச்சு சுத்துடா, இன்னும் வேகமா" என்று அந்தப் பக்கம் உற்சாகமாகக் கேட்கும்போது, இந்தப் பக்கம் அவள் கோடு போடுவதை நிறுத்தாமல் குரலை மட்டும் உயர்த்திக்கொள்கிறாள்.