மருங்காபுரிக் கானமயில்

திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். பாடம் செய்த பறவைகளும் ஜாடிப் பாம்புகளும் அடைந்து கிடந்த ஓர் அறையை கம்ப்யூட்டர் லேபாக மாற்றப்போவதாகச் சொன்னார்கள். கழித்துப்போட வேண்டியவற்றைப் பட்டியல் எடுக்கும் வேலை என்னுடையது. முதல் வரியிலேயே எழுதினேன்: "பெரிய பறவை, ஒரு கண் இல்லை, பூச்சி அரித்தது." என் இடுப்பு உயரம் இருந்த அதை மாணவர்கள் நெருப்புக்கோழி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதை வராந்தாவில் இறக்கி வைத்திருந்த வாரத்தில்தான் அந்த ஆராய்ச்சிப் பெண் வந்தார். பழைய கல்லூரிகளில் கிடக்கும் பறவைகளைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். படியேறி வந்தவர், பறவையைப் பார்த்ததும் தோள்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கானமயிலுங்க இது. பேருதான் மயிலு, புல்வெளிப் பறவை. தமிழ்நாட்டுல இப்ப ஒண்ணுகூட இல்ல."

காலில் கட்டியிருந்த அட்டையை மெல்லத் துடைத்தார். மங்கிய மையில், பிடித்த ஊர் 'மருங்காபுரி' என்று இருந்தது. பதினைந்து வருடம் தூசி தட்டியிருக்கிறேன். அதை ஒருநாளும் படித்ததில்லை.

அந்தக் காலத்தில் விஷம் தடவிப் பாடம் செய்வார்களாம். எனக்கும் கையுறை கொடுத்தார். நான் காலைப் பிடித்துக்கொள்ள, உள்ளங்காலிலிருந்து அரிசி அளவுக்குத் தோலைச் சீவிக் குப்பியில் போட்டார்.

"இதுல என்ன தெரியும்?"

"இதோட மரபணுவைப் படிக்கலாம். இப்ப ராஜஸ்தான் பக்கம் கொஞ்சம்தான் மிச்சம். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம்."

"நான்கூட அத்தை பையனைத்தாங்க கட்டிக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு வெளியில தேட ஊரே இருந்துச்சு. அதுங்களுக்கு வேற போக்கே இல்லீங்க. தலைமுறை தலைமுறையா அதுங்களுக்குள்ளயேதான் ஜோடி."

அவர் போனதும் பட்டியலை எடுத்து முதல் வரியை அடித்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, வேலை முடிந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் வரும்போது அவர் போன் செய்தார். பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றிருந்தது.

"உங்க பறவையோட மரபணுவுல ஒரு வகை இருக்குங்க. உயிரோட இருக்கிறதுல நாங்க பார்த்த எதுலயும் அது இல்ல."

நான் குப்பையில் போட இருந்த காலுக்குள் அப்படி ஒன்று, இத்தனை காலம் கலையாமல் எழுதப்பட்டிருந்திருக்கிறது.

"அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"முடியாதுங்க. ஆனா எவ்வளவு இழந்திருக்கோம்னு தெரியுது. இருக்கிறதுல எதை எதோட ஜோடி சேர்க்கணும்னு யோசிக்கறப்ப உதவும்."

எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார்கள், இறங்கினார்கள் என்பது எதுவும் நினைவில்லை. நான் இறங்க வேண்டிய ராஜகோபுரத்தைத் தாண்டி ஒரு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணப்பாறை போய், பஸ் மாறி மருங்காபுரிக்குப் போனேன். ஏன் என்று கேட்ட கணவரிடம், பறவையின் ஊரைப் பார்க்க என்றேன். அறுவடை முடிந்த சோளக்காடு, சரளை மண், முழங்கால் உயரப் புல். இங்கேதான் அது வெட்டுக்கிளி பிடித்து மேய்ந்திருக்க வேண்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இந்த ஊருப் பறவைங்க இது."

அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எம்மாம் பெருசு! இது பறக்குமா?"

"நல்லாப் பறக்குமாம்."

ஆடுகளை மறந்து அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.