அபூ தர்ஃபா கிணற்றின் முதல் வாளி

கிணறு யாருடையது என்று கேட்டு வந்தவர்களுக்குக் காபி ஊற்றியே முஹைரின் பாதி ஆயுள் கழிந்தது. முதலில் கடற்கரை அமீரின் ஆட்கள் வந்தார்கள். பிறகு உள்நாட்டு அரசரின் ஆட்கள். அதற்கும் பிறகு, கழுத்து சிவந்த ஆங்கிலேயர்கள். எல்லோரும் கூடாரத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றார்கள், காபி குடித்தார்கள், போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டினார்கள். அப்புறம் அதே கேள்வி. அவரும் அதே பதிலைச் சொன்னார்.

"எங்க அப்பா தோண்டினது."

அந்தப் பதில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அமீருடையது என்றோ அரசருடையது என்றோ சொல்லியிருந்தால் ஒரு பக்கமாவது மகிழ்ந்திருக்கும்.

உண்மையில் அது பழங்காலக் கிணறு. மணல் மூடிக் கிடந்தது. தூர்ந்த கிணற்றை யார் தூர் வாருகிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம் என்பது அந்த மணல்வெளியின் சட்டம். முஹைரின் அப்பாவும் அண்ணனும் ஒரு குளிர்காலம் முழுக்க வாரினார்கள். தண்ணீர் கண்ட அன்று பக்கச்சுவர் சரிந்து அண்ணனை மூடியது. மேலே கயிறு பிடித்திருந்தவர் சிறுவன் முஹைர். இழுத்துப் பார்த்தார், கயிறுதான் வந்தது. அண்ணனைக் கிணற்றோரத்து தர்ஃபா மரத்தடியில் புதைத்தார்கள். அதன் பிறகு கோடையில் முத்துக்குளிக்கும் படகு, குளிர்காலத்தில் ஒட்டகம் என்று அவர் காலம் ஓடியது. கடல் ஒரு காதைச் செவிடாக்கியது. முத்து வியாபாரம் படுத்தபோது மிஞ்சியவை மனைவி கஸ்னா, மகள் அஃப்ரா, கொஞ்சம் ஒட்டகங்கள், இந்தக் கிணறு.

ஒரு வருஷம் அமீரின் ஆள் வந்து ஜகாத் வரி கேட்டார். ஓர் ஒட்டகத்தைக் கொடுத்தார். அடுத்த வருஷம் அரசரின் ஆள் வந்தார், அவருக்கும் கொடுத்தார். இறைவனுக்குச் சேர வேண்டியது எந்தக் கை வழியாகப் போனால் என்ன? ஆனால் அந்த இரண்டு ஒட்டகங்களையும் காட்டித்தான் எங்கோ தூர தேசத்து மேசைகளில், முஹைர் எங்கள் குடி, எங்கள் குடி என்று இரு தரப்பும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வீட்டுக்கும் மொய் எழுதிட்டு, எந்த வீட்டு உறவுன்னு கேட்டா முழிக்கிறீங்க" என்றாள் கஸ்னா.

விஷயம் என்னவென்றால், மணலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதாம். அமீர் ஒரு கம்பெனிக்கும் அரசர் இன்னொரு கம்பெனிக்கும் தோண்டும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எது வரை யாருடைய மணல் என்று தெரியாமல் யாரும் துளை போட முடியாது. ஆகவே ஒரு கோடு வேண்டும். கோடு போடக் கிணறு வேண்டும். கிணறு யாருடைய ஆளின் கையில் இருக்கிறதோ, அதைச் சுற்றிய மணலும் அவருக்கே.

சாட்சி விசாரித்துப் பார்த்தார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதையாக, ஆளாளுக்குத் தன் ஆட்களையே கூட்டி வந்தார்கள். அலுத்துப்போன, அமீருக்காகப் பேசிய ஆங்கிலேய அதிகாரியும் அரசரின் தூதரும் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி யாரையும் கேட்பதில்லை. மணல்மேட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பது. எந்தக் கூட்டம் முதலில் தன் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டுகிறதோ, கிணறு அந்தக் கூட்டத்தின் பக்கத்துக்கு. முஹைரை அமீர் பக்கம் என்று எழுதிக்கொண்டார்கள், அரசர் பக்கத்திலிருந்து வேறொரு கூட்டம் வரும். வலியவன் முதலில் குடிப்பான் என்பது பெரிய மனிதர்களின் உலக அனுபவம் போலும்.

இதை முஹைரிடம் வந்து சொன்னவர், அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் நுஃமான் எஃபெந்தி. பஸ்ராக்காரர், இளகிய மனசு.

"நாளைக்குக் காலைல உங்க ஒட்டகத்துக்கு முதல்ல தண்ணி காட்டிடுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க. முதல்ல குடிக்கிறவங்களுக்குத்தான் கிணறு."

"முதல்ல குடிக்கிறவன் விருந்தாளி, எஃபெந்தி. வீட்டுக்காரன் கடைசியாத்தான் குடிப்பான்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பண்றது? இத்தனை வருஷத்துல அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது இந்த ஒண்ணுதான். இதையும் கெடுத்துடாதீங்க."

காலையில் கஸ்னா மோர்க்கிண்ணத்தை நீட்டியபடி சொன்னாள். "அஃப்ரா அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மரியாதையெல்லாம் மடிச்சு வெச்சிடுங்க. நாளைக்கு எடுத்துக்கலாம்."

அவர் தலையாட்டினார். ஏமாற்றுவதற்காக ஆட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தார். ஒட்டகங்களைக் கிணற்றடிக்கு ஓட்டிப்போய்க் கயிற்றில் தோல்வாளியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மணல்மேட்டைத் தாண்டி ஹாதிஃபின் மந்தை இறங்கி வந்தது. ஹாதிஃப் அரசர் பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்தவன். வறண்ட வருஷங்களில் முஹைரிடம் சொல்லிவிட்டு இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் காட்டுவான். அன்று அவன் மந்தையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அரசரின் ஆட்கள் வேண்டுமென்றே பல நாள் தண்ணீர் காட்டாமல் நிறுத்தி வைத்து ஓட்டி வரச் செய்திருந்தார்கள். திமில்கள் தொங்கிக் கிடந்தன.

சலாம் சொன்னார்கள், செய்தி கேட்டார்கள். நல்ல செய்திதான் என்று இருவரும் பொய் சொன்னார்கள். பிறகு முஹைரின் கை, அவரைக் கேட்காமலே கயிற்றை நீட்டியது.

"இறக்கு தம்பி."

"வேணாம்ணே. உங்களோடது குடிக்கட்டும். முந்திக்கிட்டுக் குடிக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்காங்க. நான் அதுக்கு வரலை. முடியாதுன்னு அவங்க கண்ணு முன்னாடி காட்டத்தான் வந்தேன்."

"உன் மந்தை நாக்கு தொங்கி நிக்குது. அதைப் பார்த்துக்கிட்டு நான் என்னோடதுக்கு ஊத்தணுமா?"

"ஊத்துங்க. கண்ணை மூடிக்கிட்டு ஊத்துங்க."

கயிறு இவர் கைக்கும் அவன் கைக்குமாகப் போய்வந்தது. மேட்டின் மேல் தொலைநோக்கிகளோடு இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெயில் ஏறியது. ஹாதிஃபின் மந்தையில் கன்று ஈன்ற ஒட்டகம் ஒன்று முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது, கன்று அதன் மடியை முட்டியது, பால் இல்லை. முஹைர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார். பிறகு எல்லோரையும் சபித்துக்கொண்டே வாளியை இறக்கி, முதல் தண்ணீரை அதற்கு ஊற்றினார்.

ஹாதிஃப் மேட்டுக்கு ஓடினான். "முதல்ல குடிச்சது என் ஒட்டகம். அதனாலதான் சொல்றேன், கிணறு அவருது" என்றான். நுஃமான் எஃபெந்தி அதை அப்படியே மொழிபெயர்த்தார். ஆங்கிலேயருக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. தூதர் மட்டும் சிரிக்கவில்லை. இன்று பேச்சுக்கு இடமில்லை, கண்ணால் பார்த்ததுதான் கணக்கு என்றார். பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்கள்.

கோடு வந்தது. அபூ தர்ஃபா கிணறு அரசர் பக்கம் போனது.

கஸ்னா வெகுநாள் கழித்துத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை. "போனதுக்கு நான் அழலை. நீங்க செஞ்சது சரிதான். சரியாச் செஞ்சும் போச்சே, அதுதான் தாங்கலை."

கம்பெனிக்காரர்கள் இரும்புக் கோபுரம் நட்டு இரண்டு கோடை துளைத்தார்கள். உப்புத் தண்ணீரும் சேறும் வந்தன. எண்ணெய் வரவில்லை. கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போட்ட கோட்டைக் கழற்றிக்கொண்டு போகத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கிணற்றடியில் ஒரு காவல் சாவடி முளைத்தது. அண்ணனின் புதைகுழியைப் பார்க்கக்கூட முஹைருக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை நிறுத்திவிட்டார்.

கஸ்னா இறந்ததற்கு அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், முஹைர் இருந்த அமீரின் மணலில், எல்லாக் கிணறுகளும் வற்றின. முஹைர் மீண்டும் கேட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, மிஞ்சியிருந்த ஒட்டகங்களோடு அபூ தர்ஃபாவுக்கு வந்தார். ஹாதிஃப் அங்கே இருந்தான். அவனுக்கும் தாடி நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் தன் மந்தையை அதட்டிப் பின்னால் தள்ளிவிட்டு, வாளியை இறக்கினான்.

"வாங்கண்ணே. உங்களோடது முதல்ல குடிக்கட்டும்."

தண்ணீர் வாசனை பட்டு ஒட்டகங்கள் முண்டின. முஹைர் மூக்கணாங்கயிறுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி."

"வெயில்ல வந்திருக்கீங்க. எதுக்குண்ணே பிடிவாதம்?"

"கோடு போட்டவங்க என்னை வெளியே தள்ளிட்டாங்க. அது போகட்டும். நீயும் என்னை விருந்தாளி ஆக்கிடாதே."

 ஹாதிஃப் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் மந்தையை ஓட்டி வந்தான்.

முஹைர் இறைத்தார். கை வழுக்கியது, தோள் வலித்தது. சாவடி நிழலில் இருந்த காவலன் சத்தம் போட்டான். "பெரியவரே, பைத்தியமா உங்களுக்கு? உங்க ஒட்டகம் சாகப் போகுது."

அவர் திரும்பவில்லை. ஹாதிஃபின் கடைசி ஒட்டகம் தலைதூக்கி வாயைச் சிலுப்பும்வரை இறைத்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் தன்னுடையவற்றைத் தொட்டிக்கு விட்டார். அதற்குள் கிணற்றில் கலங்கல்தான் மிச்சமிருந்தது. அவை அதைக் குடித்தன.