ரத்தத்துக்குள் ஒரு லாரி ஆபீஸ்

நான் ஒரு மடையன் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறது. என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நானே படம் பிடித்து, நாமக்கல் லாரிக்காரர்கள் நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, ‘ஐம்பத்திரண்டு வயசுல நம்ம நிலவரம்’ என்று ஒரு வரி வேறு.

நாலு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்திருந்தேன். டீ கிளாஸைப் பிடித்தால் கை நடுங்கியது. படி ஏறினால் நெஞ்சு தடதடத்தது. என் மாமனார் சர்க்கரை வந்து இப்படித்தான் இளைத்து இளைத்தே போய்ச் சேர்ந்தார். அந்தப் பயத்தில் என் மனைவி, சர்க்கரையா என்று பார்த்து வரச்சொல்லி டவுனில் ஒரு லேபுக்குத் துரத்தினாள். அங்கே ‘ஆண்களுக்கான முழுப் பரிசோதனை’ என்று ஒரு பலகை. நான் விடுவேனா?

சர்க்கரை சரியாக இருந்தது. ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு மேல் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைத்தான் குழுவில் போட்டேன்.

“எந்தப் பண்ணை முட்டைங்க மாமா?” என்று ஒருவன் கேட்டான்.

மனைவி ரிப்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இத்தன இருந்தா, ஏழு மணிக்கே ஏனுங்க சுருண்டு படுத்துக்கறீங்க?”

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பந்தயத்தில் ஜெயித்த கோப்பையை வைப்பது போல ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்து, என் கையை நீட்டச் சொல்லி, அதே தாளை விரல்களின் மேல் வைத்தார். தாள் படபடவென்று ஆடியது.

“என்ன தொழிலுங்கண்ணா?”

“லாரி புக்கிங் ஆபீஸுங்க. முப்பது வருசமா.”

“அப்ப சுலபமாப் புரியும். இந்த ஹார்மோன் எண்ணெய் மாதிரி, ரத்தத்துல சரியாக் கரையாது. ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னே கல்லீரல் ஒரு புரதம் செஞ்சு அனுப்புது, அதுதான் லாரி. அது இறுக்கிப் பிடிச்சுக்கும். மீதி அநேகமாப் பூராவும் அல்புமின்னு இன்னொரு புரதத்து மேல ஒட்டியும் ஒட்டாமயும் உக்காந்திருக்கும். எதுலயும் ஏறாமத் திரியறது நூத்துக்கு ரெண்டு மூணுதான். வேலைக்கு ஆகறது அதுவும், அல்புமின் விடறதுந்தான்.”

“எனக்குங்க?”

“உங்களுக்கு லாரி பெருகிப்போச்சு. சரக்கு லாரி மேலயே நிக்குது. ரிப்போர்ட் அதையும் சேத்து எண்ணியிருக்குது.”

“பெருக்குனது யாருங்க?”

“தைராய்டா இருக்கும். அது கூடுனா கல்லீரல் அந்தப் புரதத்தை அள்ளி விடும். நடுக்கமும் இளைப்பும் அதனாலதான்.”

தைராய்டு டெஸ்ட் எடுத்ததில் இரண்டு நாளில் அதுவே உறுதியானது. ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை. “விட்டுடாதீங்க, உங்க இதயம் இந்த ஓட்டத்தை ரொம்ப நாள் தாங்காது” என்றார் டாக்டர்.

வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கிய லாரிகள் வரிசையாகப் போயின. எந்தச் சரக்கை இறுக்கிக் கட்டுவது, எதை லேசாகக் கட்டுவது என்று எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்று முப்பது வருடமாக மார்தட்டியிருக்கிறேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். துடித்தது. அந்தத் துடிப்புக்குள் டிரைவர் இல்லாமல், டீசல் இல்லாமல், ஒரு போன்கூட இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. திரிகிற சரக்கு செலவானால், அந்த இடத்துக்கு வண்டியிலிருந்து கொஞ்சம் தானாக இறங்குமாம். யார் சொல்லி இறங்குகிறது? நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடும் ஆபீஸ். அதற்கு நான் முதலாளி இல்லை, வெறும் ரோடு.

வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “ஏம்புள்ள, உனக்குள்ளயும் அதே வண்டிதான். பொம்பளைங்க ஹார்மோனையும் அதுதான் ஏத்திக்கிட்டுப் போகுது. நெனச்சாலே மேலெல்லாம் சிலிர்க்குது. இறக்கற எடம் அதுக்கு எப்படித் தெரியுது, சொல்லு பாக்கலாம்?”

அவள் என் சட்டைப் பையில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“மத்தியான மாத்திரை ஏனுங்க இன்னும் அட்டையிலயே இருக்குது?”