மூன்றடித் தொட்டியில் ஒரு நீல மீன்

நாய் வளர்ப்பதற்குப் பேர் போன ராஜபாளையத்தில் கடல் மீன் வளர்த்தால் கிறுக்கன் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நூல் மில்லில் எலக்ட்ரீசியனான எனக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் அந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டிதான் எல்லாம். உப்புக் கலந்து, பாறை வைத்து, ஒன்றரை மாதம் மீனே இல்லாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தேன். பிறகு இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால். அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம்.

மதுரைக் கடையில் அந்த நீல மீனைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவு உடம்பு, மஞ்சள் வால். ஓரடி வரை வளரும் சாதி அது, நீந்துவதற்கே ஆறடித் தொட்டி வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரர், "தொட்டி எம்புட்டோ, மீனும் அம்புட்டுதான் சார் வளரும்" என்றார். பச்சைப் பொய். தெரிந்தே தலையாட்டினேன், ஆசை அப்படி. ஒரு வருஷத்தில் பெரிய தொட்டி வாங்கிவிடலாம் என்று திட்டம் போட்டேன். என் திட்டங்களின் லட்சணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இரை போட்டதெல்லாம் என் மனைவி. காய்ந்த கடற்பாசியைக் கிழித்து நீட்டுவாள், அவள் விரலிலிருந்தே பிடுங்கித் தின்னும். நான் கையை விட்டால் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். என் வேலை தண்ணீர். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். தினமும் காலையில் இரண்டு செம்பு. மாதம் ஒருமுறை உப்புத் தண்ணீர் மாற்றும் வேலையை அவள் மம்சாபுரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற நாளில் வைத்துக்கொள்வேன். ஹால் நனைந்தால் சத்தம் போடுவாள்.

ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, "மொதல்ல உப்புப் போட்டீக, இப்ப நல்ல தண்ணி ஊத்துறீக, ஏன்?" என்று கேட்டாள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. "அதெல்லாம் ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மூன்று வருஷத்தில் மீன் ஒரு சாணுக்கு வளர்ந்துவிட்டது. நாலு தடவை வாலடித்தால் கண்ணாடி முட்டும், திரும்பும், மறுபடியும் முட்டும். நிறம் மங்கிப்போய் வயிறும் ஒட்டிவிட்டது. பெரிய தொட்டி வைக்க வேண்டுமென்றால் ஹாலில் கிடக்கும் கட்டிலை எடுக்க வேண்டும், அது நடக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது, இது பெரிய தண்ணீருக்குப் போகாவிட்டால் செத்துவிடும் என்று புலம்புவேன். கடைசியில் தூத்துக்குடியில் எட்டடித் தொட்டி வைத்திருந்த ஒரு டாக்டர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. அதையும் வீட்டில் சொல்லவில்லை. மீன் விஷயம் என் விஷயம் என்று ஒரு திமிர்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து பார்க்கிறேன், தொட்டியில் நீல மீனைக் காணோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய் வந்த மனைவி அடுப்படியில் இருந்தாள். அவளாகவே சொன்னாள். இந்த மழைக்குக் கோயில் குளமான திருமுக்குளம் நிரம்பிக் கிடக்கிறது, அதிலுள்ள மீனுக்கெல்லாம் ஊரே பொரி போடுகிறது, இது மட்டும் ஏன் முட்டி முட்டிச் சாக வேண்டும் என்று தோன்றியதாம். பாசியோடு கையை நீட்டியதும் அதுவாக வந்ததாம். மூடி போட்ட பெயின்ட் வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். "கொளத்துல விட்டதும் எடம் கெடைச்ச சந்தோசத்துல ஒரே ஓட்டமா ஓடிருச்சு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அறிவிருக்கா, கடல் மீன் குளத்தில் பிழைக்குமா என்று கத்தினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு வருசமா தெனமும் நல்ல தண்ணிதான ஊத்துனீக? கொஞ்சங் கொஞ்சமா பழக்கிட்டீகன்னுல்ல நெனச்சேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு போவதில்லை, போன தண்ணீரைத்தான் ஊற்றினேன் என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

குளத்தில் எம்புட்டு நேரம் உயிரோடு இருந்திருக்கும் என்று கேட்டாள். செத்த நேரம்தான் என்றேன்.

"தண்ணி வெவரம் இம்புட்டுதானா? இதுவா எனக்குப் புரியாதுன்னீக?"