ஆபரேஷனுக்கு முன் அரை மணி நேரம்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவள் சொன்னால்தான் கூட்டம் நகரும். அந்தத் தொண்டையில்தான் கட்டி. "குரல் போயிடும்மா. உயிரைக் காப்பாத்தப் பார்க்கிறோம், உறுதியா சொல்ல முடியாது" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக அரை மணி நேரம் இருந்தது. கணவர் தன் கைபேசியை நீட்டினார். "பொண்ணுக்கு ஏதாவது பேசி வச்சிடு."

பதிவுப் பொத்தானை அழுத்தினாள். 'நல்லா படி, நல்ல பேர் எடு' என்று தொடங்கினாள். யாரோ மேடையில் பேசுவதுபோல இருக்கவே அழித்தாள். மறுபடி அழுத்தினாள், அழுகைதான் வந்தது. லட்சம் பேருக்கு வழி சொன்ன வாய்க்கு ஒரே மகளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"கிளம்பலாமாம்மா?"

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றவள் சட்டென்று பொத்தானை அழுத்தினாள். "ஏய் கழுதை, மணி ஏழாச்சு, எழுந்திருடி! ஈரத் தலையோட பின்னல் போடாதே. சாப்பிடாம ஓடினா காலை ஒடிச்சிடுவேன்."

அவ்வளவுதான் பேசினாள்.

பிழைத்துக்கொண்டாள்; குரல் மட்டும் திரும்பவில்லை. மகள் அந்தத் திட்டையே அலாரமாக வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அது கத்தும்போது, போர்வைக்குள்ளிருந்து "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று பதில் வரும். அம்மா கரண்டியும் கையுமாக வந்து, பேசாமல் போர்வையை உருவுவாள்.