மேற்படி நோயாளிக்கு ஒவ்வாது

எங்கள் அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டேன், படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். குக்கர் விசிலடித்தால் பயம். லிஃப்டில் ஏறினால் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவும் மாட்டார், கட் செய்யவும் மாட்டார். அது அடித்து ஓயும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவர் தேடிப் பிடித்த வேலையைப் பாருங்கள்: ஆவணங்களை மொழிபெயர்ப்பது!

முழுநேர வேலை இல்லை. காலையில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலையைப் பிடித்தவர் அவர். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மார்க் ஷீட், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று தமிழில் எது வந்தாலும், இங்கே ஆபீஸ்களில் செல்லுபடியாகும் மொழிக்கு மாற்றுவார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்த மொழிக்கு எங்கள் வீட்டில் வெளிப் பாஷை என்று பெயர். காலில் செருப்பு மாட்டினால்தான் அது தேவைப்படும்.

இதில் கூத்து என்னவென்றால், அண்ணிக்கு வெளிப் பாஷை பேச வராது. எழுதினால் ஒரு பிழை பார்க்க முடியாது, பேச மட்டும் வாய் திறக்காது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொல்லி, இவருடைய உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றைக்கு மூடிய வாய்தான். அதன் பிறகு தபால் வழியில் படித்தே பட்டம் வாங்கினார், தபால் வழியிலேயே மொழிபெயர்ப்புத் தேர்வும் எழுதித் தேறினார். பாங்குக்குப் போனால் கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார். கவுன்டரில் இருப்பவர்கள் பாவம் ஊமை போலிருக்கிறது என்று சைகையில் பதில் சொல்வார்கள். என் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கட்டிய மனைவியைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறதோ!

நான் அதே அறையில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கிறேன். எனக்கு வெளிப் பாஷையில் இலக்கணம் சுத்தமாகக் கிடையாது. வாயும் கையும் இருக்கிறது, ஊர் உலகத்தைச் சமாளிக்க அது போதும். அண்ணி எனக்கு வைத்திருக்கும் பெயர் வாயாடி.

அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்தார். எவரோ ஒரு முதியவரின் ஆஸ்பத்திரிச் சீட்டு மொழிபெயர்க்க வந்திருந்தது. இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தால், கடைசியாக முடித்துக் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுப்பார்கள். அதை வேறு பெயரில் சேமித்து, பழைய ஆளின் விவரங்களை அழித்துக்கொண்டே புதிய ஆளின் விவரங்களை அதன் மேலேயே தட்டிக்கொண்டு போவார்கள். கட்டம் போட வேண்டாம், தலைப்பு அடிக்க வேண்டாம், பாதி வேலை மிச்சம். பகுதி நேரத்தில் செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி திறந்தது முந்தின நாள் கொடுத்த சீட்டு. ஒரு வேன் டிரைவரின் மனைவிக்காகச் செய்தது. அந்த அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பழைய ஊரில் பார்த்த டாக்டர் தமிழில் கையால் எழுதிக் கொடுத்திருந்த விவரத்தை, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் என்று சொல்லி, அவசரமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் ஒரு காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் கீபோர்டுச் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணி?"

அண்ணி போனை எடுத்து, பழைய ஊர் டாக்டர் கையால் எழுதிய சீட்டைப் படம் பிடித்து வைத்திருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"வாயாடி, இங்க வா. நீ படி. எனக்குக் கண்ணு தெரியல."

போனில் இருந்ததைப் படித்தேன். பெனிசிலின் ஆகாது, கொடுத்தால் உடம்பு தடித்து மூச்சு முட்டும் என்று அந்த டாக்டர் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். திரையில் அதே இடத்தில் அண்ணியின் மொழிபெயர்ப்பில் இருந்தது ஒரே வரி. மருந்து ஒவ்வாமை: இல்லை. அது அதற்கு முன் வந்த யாரோ ஒருவருக்கு அடித்தது. மற்றதையெல்லாம் மாற்றியவர் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார். முத்திரையும் கையெழுத்தும் ஏறி, அந்தக் காகிதம் போய்விட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்து என்ன செய்வதென்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

டிரைவருக்குப் போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போட்டோம். யாரோ எடுத்து வெளிப் பாஷையில் ஹலோ சொன்னார்கள். அண்ணி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நான் பிடுங்கி, "ஆபரேஷன், லேடி, மெடிசின், நோ!" என்று கத்தினேன். ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடிவதாயில்லை. போதும் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க, டாக்சி பிடித்து ஓடினோம்.

டாக்சியில் அண்ணி பேசியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"ஏத்தியிருப்பாங்களா?"

"இருக்காது அண்ணி."

"ஆபரேஷனுக்கு முன்னாடி கிருமி வராம இருக்க அந்த மருந்துதான் ஏத்துவாங்க. எத்தனை சீட்டுல அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஏத்தியிருப்பாங்களா?"

சிக்னலில் நின்றபோது கதவைத் திறந்து இறங்கி ஓடப் பார்த்தார். நான்தான் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். கடவுளே, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் தளத்தில் வேன் டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "அடடே, பாக்க வந்தீங்களா! வாங்கக்கா" என்றார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"உங்க வீட்டம்மா எங்க?"

"இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அதோ, அந்தக் கதவு."

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. உள்ளே வரிசையாகக் கட்டில்கள். முதல் கட்டிலில் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மா படுத்திருந்தார். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கையில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள் என்று அண்ணி முன்பே ஒருநாள் சொல்லியிருந்தார். அந்தக் கையில் இருந்தது வெள்ளைப் பட்டை மட்டும். தலைமாட்டில் ஒரு நர்ஸ் சின்ன மருந்து பாட்டிலைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் தட்டவில்லை, இடித்தேன். நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, பாட்டிலை அப்படியே தொங்கவிட்டு வந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். எனக்குத் தெரிந்த வெளிப் பாஷையையெல்லாம் கொட்டினேன். மருந்து கெட்டது, மருந்து வேண்டாம், காகிதம் பொய், பொம்பளை சாகும் என்று என்னென்னவோ சொன்னேன். ஆபரேஷன் என்றதும் பயந்துபோன சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டார் போலும். என் தோளைத் தட்டி, கவலை வேண்டாம், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றார். அதற்குள் ஒரு காவலாளி வந்து என் கையைப் பிடித்தார். கதவு மூடிக்கொண்டே வந்தது.

அண்ணி இடுக்கில் காலை வைத்தார்.

அப்புறம் பேசினார். வெளிப் பாஷையில், உரக்க. அவருக்குத் தெரிந்ததெல்லாம் காகிதத்தில் இருக்கும் வெளிப் பாஷைதானே? அதையேதான் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மேற்படி நோயாளிக்குப் பெனிசிலின் வகை மருந்துகள் ஒவ்வாது. நேற்றைய தேதியிட்ட மொழிபெயர்ப்பில் ஆறாவது கட்டத்தில் உள்ள தகவல் பிழையானது. அந்த மருந்தைச் செலுத்தினால் மூச்சுத்திணறல் ஏற்படும். மூல ஆவணத்தின் படம் என்னிடம் உள்ளது."

காவலாளி என் கையை விட்டுவிட்டார். கட்டிலில் படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உச்சரிப்பு கர்ணகொடூரம், எனக்கே தெரிந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நர்ஸ் திரும்பி ஓடிப்போய் அந்தப் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றினார். ஒரு சொட்டுக்கூட இறங்கியிருக்கவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். கையில் அண்ணியின் முத்திரை போட்ட காகிதம். இதைச் செய்தது யார் என்று கேட்டார். நான் அண்ணியின் இடுப்பில் கிள்ளினேன். தெரியாது என்று சொல்லுங்கள், டைப் அடித்த பெண் என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள் என்றுதான் அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம்.

"மொழிபெயர்த்தவர் நான்" என்றார் அண்ணி.

வேன் டிரைவர் அப்போதுதான் விஷயம் புரிந்து அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"உங்களை நம்பித்தானேக்கா கொடுத்தோம்?"

அதைக் கேட்டபோதுதான் அண்ணி அழுதார். டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தால், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இதை மேலே சொல்லாமல் விட முடியாது, ஆனால் இப்போது நீங்கள் போகக்கூடாது என்றார். இந்த அம்மா எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார், காகிதத்தில் இருக்கிறதே என்று நாங்களும் டிக் அடித்துக்கொண்டு வந்துவிட்டோம், உள்ளே வந்து அவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேளுங்கள் என்றார்.

வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. டாக்டரம்மா வெளிப் பாஷையில் கேட்க, அண்ணி தமிழில் கேட்டார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, ஆடுகிற பல் உண்டா. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"வேற யாருக்காவது, உங்க வீட்டுல, மயக்க ஊசி போட்டு ஏதாவது ஆயிருக்கா?"

அந்த அம்மா பச்சைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்கக்கா அதுலதாங்க போனா. குடல்வால் ஆபரேஷன். மயக்கம் கொடுத்ததும் பல்லு கிட்டிப்போய், உடம்பெல்லாம் நெருப்பாக் கொதிச்சுதாம். மேஜைலயே முடிஞ்சு போச்சு."

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலியே, அக்கா."

அண்ணி அதை வெளிப் பாஷையில் சொன்னார். டாக்டரம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் நர்ஸைப் பார்த்து ஏதோ சொல்ல, கட்டிலையே திருப்பி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. சில குடும்பங்களுக்கு வழக்கமான மயக்க மருந்தே விஷமாகிவிடுமாம். பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், செய்வதாக இருந்தாலும் வேறு மருந்து வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் வேர்த்திருந்தது.

வேன் டிரைவர் எங்களோடு லிஃப்ட் வரைக்கும் வந்தார். நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியாமல், கடைசியில் பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "பாத்தீங்களா அண்ணி! தப்புப் பண்ணினதால நீங்க போனீங்க, நீங்க போனதால அந்தம்மா பொழைச்சாங்க. எல்லாம் நல்லதுக்குத்தான். முத்திரையைப் பிடுங்கினா பிடுங்கிட்டுப் போறாங்க, போங்க!"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"நான் அந்தக் கட்டத்தைச் சரியா அடிச்சிருந்தா?"

"அடிச்சிருந்தா என்ன?"

"நான் வந்திருக்கவே மாட்டேன். அவங்களும் பேப்பரைப் பாத்துட்டு மயக்கம் கொடுத்திருப்பாங்க." அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு ஒரு தப்பு இல்லாம அடிச்சுக் கொடுத்திருக்கேன், வாயாடி. அவங்க எல்லாம் என்ன ஆனாங்க?"